இசக்கியப்பன் என்ற கைதி

மண்ணூரில் வாடகை வீட்டில் இருக்கும் மாரிசெல்விக்கு வீட்டில் ஒரு பேர், கம்பெனியில் ஒரு பேர். நாமெல்லாம் அப்பா பேரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி இனிஷியலாக உட்கார வைத்துவிடுகிறோம். கம்பெனிக் கம்ப்யூட்டர் விடுமா? குடும்பப் பெயரைக் கொடு என்று அடம்பிடித்தது. அவளும் போனால் போகிறதென்று அப்பா பேரைக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசரான அவளை ஜப்பான்கார மேனேஜர் மரியாதையாக "இசக்கியப்பன் சான்" என்றுதான் கூப்பிடுகிறார். கூட வேலை பார்க்கும் உள்ளூர்க்காரன் வசந்தகுமாருக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாக்கா, இன்னிக்கு ஷிஃப்டுக்கு நீ வந்துகீறியா, உங்க நைனா வந்துகீறாரா?" என்பான்.

நிஜ இசக்கியப்பன் மண்ணூர் வீட்டில் மகளோடு இருந்தார். வயது எண்பத்து மூன்று. அவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே அவருடைய அப்பா சுடலைமுத்து பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குக் கப்பலேறினார். அப்புறம் ஒரு சேதியும் இல்லை. சிங்கப்பூரில் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான் என்று ஒருவர் சொன்னார். பர்மாவில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு கடை வைத்திருக்கிறார் என்று பத்துப் பேர் சொன்னார்கள். சொந்த ஊரான களக்காட்டில் பத்துப் பேர் சொன்னதுதான் நிலைத்தது. ஊர் இசக்கியப்பனை "ஓடிப்போனவன் மவன்" என்றே வளர்த்தது. அவருடைய அம்மா சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. இருக்கிறாரா செத்தாரா என்று தெரியாதவருக்கு எள்ளும் தண்ணீரும் எப்படி விடுவது? ஆடி அமாவாசைக்கு ஊரே ஆற்றில் இறங்கும்போது இவர் மட்டும் சட்டையைக் கழற்றாமல் கரையில் நிற்பார். பாவம், வயதான பிறகும் அந்த வலி அவரை விடவில்லை.

இந்த ஆடிக்குள் ஒரு முடிவு தெரிந்தால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்று ஒருநாள் சொன்னார். மாரிசெல்வி பிடித்துக்கொண்டாள். பழைய போர்க்கைதிகளின் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, லீவு நாளெல்லாம் போனும் கையுமாக இருந்தாள். சுடலைமுத்து என்று தேடாத இடமில்லை. வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டாள். அப்படி ஒருவர் எங்கள் பட்டியலில் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அப்படியானால் தாத்தா ஓடித்தான் போனாரோ? அப்படி நினைத்ததற்கே அவளுக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது.

ஒருநாள் காலை லைன் தொடங்குமுன் மேனேஜர் வருகைப் பட்டியலை வாசித்தார். "இசக்கியப்பன்" என்றார். "யெஸ் சார்" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அப்பாவுக்கு வைத்தது சுடலைமுத்துவின் அப்பா பேர். பட்டாளத்திலும் குடும்பப் பெயர் கேட்டிருந்தால் தாத்தா எதைச் சொல்லியிருப்பார்? இத்தனை நாள் இந்த மரமண்டைக்கு ஏறவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேரைப் போட்டுத் தேடினாள். வந்துவிட்டது. இசக்கியப்பன், சுடலைமுத்து. ஊர் களக்காடு. சிங்கப்பூரில் பிடிபட்டார். நியூகினித் தீவு முகாமில் காய்ச்சலில் இறந்தார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். வசந்தகுமார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

வீட்டில் படித்துக் காட்டியபோது, ஓடிப்போகவில்லைதானே என்று இசக்கியப்பன் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். தன் பேர் ஏன் முதலில் நிற்கிறது என்று கேட்டார். கம்பெனியில் தன்னைக் கூப்பிடும் கதையை அவள் சொன்னாள்.

"அப்போ அவரயும் இசக்கியப்பன்னுதான் கூப்பிட்டுருப்பானுவளா?"

"ஆமாப்பா. காலையில ஆள் எண்ணுவாவல்லா, அந்தப் பேரத்தான் வாசிச்சிருப்பாவ."

பையன் பிறந்தால் அவனுக்கு என்ன பேர் என்பது கப்பலேறும்போதே சுடலைமுத்துவுக்குத் தெரியும்.

"தெனமும் எம்பேரக் கேட்டிருக்காரு, ஏட்டி" என்றார் கிழவர். "என்னய மறந்திருக்க மாட்டாரு."

ஆடி அமாவாசையன்று குன்றத்தூர்க் குளத்துக்கு அவரைக் கூட்டிப்போனாள். கரையில் அவள் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.