பாதி இளைத்த சம்பந்தி

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் கழிந்த வாரத்தில், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. சம்பா அறுவடைக்கு மிஷின் வருமா வராதா என்று என் கணவர் வாசலுக்கும் வயலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நானோ மகளின் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று அடுப்படிக்கும் கண்ணாடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் என் கன்னம்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். அதற்கு முந்தைய ஆகஸ்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு சீர்காழிப் பக்கம், எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால், ஈஸ்டர் முடிந்து மே மாதத்தில் என்று பேச்சு. எல்லாம் நன்றாகத்தான் போனது, ஆல்பம் வரும்வரை. அதில் ஒரு படத்தில் நான் நின்ற அகலத்தில், எனக்குப் பின்னால் நின்ற என் நாத்தனார் குடும்பத்தோடு காணாமல் போயிருந்தாள். "அண்ணி, நான் அன்னிக்கு வந்தேன்னு நீங்கதான் சாட்சி சொல்லணும்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து யாரும் இப்படிப் பேசக் கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

சோற்றை நிறுத்தினேன். டவுனில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எங்கள் ஊரிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்தான். சொந்த வயல் அரிசி மூட்டை மூட்டையாக வீட்டில் இருக்க, அந்த வீட்டுக்காரி சுரைக்காயை அவித்துத் தின்கிறாள் என்றால் ஊர் சும்மா விடுமா? கேலி பேசியே பழைய எடைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். அதனால் நான் உடம்பைக் குறைப்பது வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். விடிந்ததும் வாய்க்கால் கரையில் நடப்பேன். எதிரில் வருபவர்கள் கேட்டால், தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வந்தேன் என்பேன். அடைமழையில் ஊரே மிதந்த கார்த்திகையிலும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

உடம்பு குறைந்தது, பொய் சொல்லவில்லை. ஐந்து மாதத்தில் பதினான்கு கிலோ. ஆனால் எங்கிருந்து குறைய வேண்டும் என்று அது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் கன்னம் போனது. பிறகு கழுத்து. தோள் எலும்பு வெளியே எட்டிப் பார்த்தது. மோதிரத்துக்கு நூல் சுற்ற வேண்டியதாயிற்று. பாதம்கூட இளைத்துச் செருப்பு கழன்று விழுந்தது. பாதத்தை யார் இளைக்கச் சொன்னார்கள்? இடுப்பும் அதற்குக் கீழேயும் மட்டும் அப்படியே அசையாமல் இருந்தன. தையல்காரப் பெண் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுத்துவிட்டு, "ஜாக்கெட் உங்களுக்குக்கா, பாவாடை யாருக்கு?" என்று கேட்டாள். கோபம் வந்ததுதான். ஆனாலும் நியாயமான கேள்வி.

நான் தபால் ஆபீஸில் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். வருகிறவர்களுக்கு என் மேல்பாதி மட்டும்தான் தெரியும். குறையாத பாதி மேசைக்குக் கீழே பத்திரமாக இருந்தது. அதனால் இந்த அம்மா உருகிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும்தான் ஊருக்குத் தெரிந்தது. "சுகராம்மா?" என்பார்கள். இல்லை என்றால், "டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?" என்பார்கள். ஒருவர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். பென்ஷன் வாங்க வரும் ஒரு பெரியவர், எனக்காக வேளாங்கண்ணிக்கு நடந்துபோவதாக வேண்டிக்கொண்டே விட்டார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

மாப்பிள்ளையின் அம்மா ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் வீடியோ காலில் பேசுவார். அதிலும் மேல்பாதிதான் தெரியும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வாரத்துக்கு வாரம் அவர் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாக உற்றுப் பார்த்தார். நான் அழகாகிக்கொண்டு வருவதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, இன்னும் நன்றாகத் தெரியட்டும் என ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

பொங்கல் கழிந்து இரண்டாம் நாள், நான் ஆபீஸில் இருந்த நேரத்தில், அவர் என் கணவருக்கு போன் செய்திருக்கிறார். சம்பந்திக்கு உடம்புக்கு என்ன, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். என் கணவர் என் கட்டளையை மீறாத உத்தமர். "ஒண்ணும் இல்லீங்க. சோறுதான் சாப்பிட மாட்டேங்குறா. அதைப் பத்தி வெளிய பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்றிருக்கிறார். இதில் ஒரு சொல் பொய் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருத்தி சோறு சாப்பிடவில்லை, அதை வெளியே சொல்லவும் கூடாது என்றால், மிச்சத்தைக் கேட்பவர்களே புரிந்துகொள்வார்கள்.

சாயங்காலம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் போனில் பேசினாள். குரல் சரியாக இல்லை.

"அம்மா, உன் ரிப்போர்ட் ஏதாச்சும் இருக்கான்னு அத்தை கேக்கறாங்க. டயட்டுன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. சனிக்கிழமை அங்க வர்றாங்களாம். என்னன்னு இவரைக் கேட்டா, எங்கம்மா நேர்ல பேசிக்குவாங்கன்னு மட்டும் சொல்றார்."

நேரில் பேச என்ன இருக்கிறது? பெண்ணின் அம்மாவுக்குப் பெரிய வியாதி, நாளைக்குப் பெண்ணுக்கும் வரலாம் என்று நினைத்திருப்பார்கள். சம்பந்தத்தை முறிக்கத்தான் வருகிறார்கள். என் மகளோ அந்தப் பையனைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் இருந்தாள். ஒரு போட்டோவுக்கு ஆசைப்பட்டு, பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. அவர்கள் வாயைத் திறந்ததும் திருப்பிக் கொடுப்பதற்கு நாலு சூடான வார்த்தைகளைத் தயார் செய்து, இரண்டு நாள் மனப்பாடம் பண்ணினேன்.

சனிக்கிழமை காலையில் நாத்தனார் ஒரு யோசனையோடு வந்தாள். கையில் இரண்டு முழுக் கொட்டைப் பாக்கு. "பக்கத்துக்கு ஒண்ணா அடக்கிக்குங்க அண்ணி. கன்னம் பழையபடி உப்பிக்கும்." அடக்கினேன். கண்ணாடியில் பார்த்தால் உண்மையிலேயே முகம் நிறைந்திருந்தது. ஒரே ஒரு குறை, வாயைத் திறந்து பேச முடியவில்லை. அதைப் பற்றி யோசிப்பதற்குள் வாசலில் கார் நின்றுவிட்டது. இடுப்பு அகலத்தையாவது மறைப்போம் என்று முந்தானையை உடம்பெல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். காய்ச்சல்காரி மாதிரி இருந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் இறங்கினார்கள். அந்த அம்மா கையில் ஒரு பை. பையில் சாத்துக்குடி, ரொட்டி, சத்துமாவு டப்பா. பெண் வீட்டுக்கு வருகிறவர்கள் பூவும் பழமும் கொண்டுவருவார்கள். ரொட்டியும் சாத்துக்குடியும் ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்குவது.

"எப்படி இருக்கீங்க சம்பந்தி?" என்றார். தலையை ஆட்டினேன். "பேச முடியலையா?" என்றார். அவசரமாக இல்லை இல்லை என்று தலையை ஆட்டியதில் ஒரு பாக்கு தொண்டைப் பக்கம் உருண்டது. பயங்கரமாக இருமினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா என் முதுகைத் தடவிவிட்டுத் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் அறுவடை மிஷினைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் காபி போடுவதாக ஜாடை காட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

பின்னாலேயே சம்பந்தியம்மாவும் வந்தார். கதவைச் சாத்தினார். சரி, சொல்லப் போகிறார் என்று என் நாலு வார்த்தைகளை நினைவுக்குக் கொண்டுவந்தேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கு எல்லாம் புரியுது. கல்யாணத்த மே வரைக்கும் தள்ள வேண்டாம். தவக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடியே முடிச்சிடலாம். கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம வாசிக்கற கல்யாண ஓலைய எப்படியாச்சும் சீக்கிரம் முடிச்சுத் தாங்கன்னு பங்குச் சாமிகிட்ட கேட்டுட்டேன். நீங்க கண்ணால பாத்துடணும். கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணு ஆறு மாசம் இங்கயே இருந்து உங்களைப் பாத்துக்கட்டும். இது எம்பையன் சொன்னது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கல்யாணத்துக்கு எங்கம்மா இல்ல. கோயில்ல நிக்கிறேன், சாமி மந்திரம் சொல்றாரு, நான் வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன். அந்தப் பொண்ணுக்கு அப்படி ஆகக் கூடாது" என்றார்.

அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாயில் பாக்கை வைத்துக்கொண்டு எப்படி அழுவது? வாய்க்குக் கீழே கையை ஏந்தி இரண்டையும் துப்பினேன். "ஐயோ மாதாவே, பல்லு!" என்று அலறிவிட்டார் சம்பந்தியம்மா. கன்னம் வேறு கண் எதிரிலேயே சட்டென்று உள்ளே போனதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பல் இல்லை, பாக்கு என்று காட்டினேன். ஆல்பத்திலிருந்து சுரைக்காய்வரை கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்கிட்ட மறைக்காதீங்க சம்பந்தி" என்றார். எப்படிச் சொன்னாலும் நம்பவில்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. போர்த்தியிருந்த முந்தானையை எடுத்து இறுக்கிச் செருகிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

"இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க. வியாதிக்காரிக்கு இவ்வளவு இருக்குமா?"

திரும்பிப் பார்த்தால், அந்த அம்மா என் கழுத்தையும் இடுப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு கிரைண்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "இத முதல்லயே போன்ல காட்டித் தொலைச்சிருக்கலாம்ல! உங்க மூஞ்சியப் பாத்து நாலு வாரமா எனக்கும் சோறு இறங்கல" என்று என் தோளில் ஒரு அடி வைத்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் ஆண்கள் கதவைத் தட்டினார்கள். என்ன விஷயம் என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லவில்லை. அன்று மதியம் அவர் பரிமாற, அவர் கண் முன்னாலேயே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அப்போதுதான் அவருக்கு முழு நம்பிக்கை வந்தது.

கல்யாணம் பேசியபடி மே மாதத்தில் நடந்தது. கீழ்ப்பாதி இன்றுவரை பெரிதாக இறங்கி வரவில்லை. நானும் அதோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த நாலு சூடான வார்த்தைகளைப் பற்றி மட்டும் சம்பந்தியிடம் இதுவரை நான் வாய் திறக்கவில்லை. நான் சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் மகளுக்காக ஓடி வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பத் தயாராக இருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பெண்ணை எப்படிப்பட்ட வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பது பெற்றவர்களுக்கு அனுப்பிய பிறகுதான் தெரியும். எனக்கு மட்டும் அது கல்யாணத்துக்கு நாலு மாதம் முன்பே என் அடுப்படியில் தெரிந்துவிட்டது.