பால்கனிக்குக் கேட்கிற மாதிரி

அஸ்னகெச் போனைக் காதில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டே போகிறாள். மறுகையில் வாளியும் துடைப்பமும். எதிர்முனையில் யாரும் இல்லை. பெய்ரூட்டில் அஷ்ரஃபியேயின் அந்தச் சரிவான தெருவில் காய்கறிக்காரருக்கும் கட்டடக் காவலாளிகளுக்கும் அவள் ஒரு வாயாடி எத்தியோப்பியக்காரி, அவ்வளவுதான். அவள் பேசும் அம்ஹாரிக் அவர்களுக்குப் புரியாது. புரிய வேண்டியவர்கள், வீட்டுவேலைக்கு வந்த அவள் ஊர்ப் பெண்கள், மேலே பால்கனிகளில் துணி உலர்த்திக்கொண்டும் கம்பளம் தட்டிக்கொண்டும் நிற்கிறார்கள்.

"ஏம்மா தங்கச்சி, நல்லா இருக்கியா? உன் பாஸ்போர்ட் உன்கிட்டதான் இருக்கணும், மேடம் பீரோவுல இல்ல. சம்பளம் உன் கைக்கு வரணும். உன்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறது தப்பு. உன் தப்பு இல்ல, அவங்க தப்பு. உதவிக்கு ஒரு நம்பர் சொல்றேன், மனசுல எழுதிக்க."

நம்பரை மட்டும் ராகம் போட்டுப் பாடுவாள். காவலாளி ஒருவர் அந்த ராகத்தைச் சீட்டியடிக்கவே பழகிவிட்டார்.

பிழைப்புக்கு அவள் அடுக்குமாடிகளின் மாடிப்படிகளைக் கழுவுகிறாள். ப்ளீச் பட்டுப் பட்டு விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டன. நகரத்தை ஒட்டிய புர்ஜ் ஹமூதில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அந்த அறையில் காபிக் கொட்டை வறுபடும். சோளப்பொரி கிண்ணம் கிண்ணமாக நிறையும். புதிதாக பெய்ரூட் வந்த பெண்கள் சுவரோடு சுவராக நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் தரகன் சொன்னதையும் இங்கே நடப்பதையும் அவர்களையே சொல்ல வைப்பாள். பிறகு போனை நீட்டி, "இதையே ஊர்ல கிளம்ப நிக்கிற உன் சித்தி மகளுக்குச் சொல்லு. பதிவு பண்ணி அனுப்பு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, உன் குரல்ல சொல்லு" என்பாள்.

வீட்டுவேலைப் பெண்களுக்காக வழக்காடும் வக்கீல் ரீமாவின் அமைப்பு அவள் படத்தைச் சுவரொட்டியில் போடக் கேட்டது. "வேண்டாம் தாயி. என் மூஞ்சியைப் பாத்தா ஓடி வர்றவளும் திரும்பி ஓடிருவா" என்று சிரித்துத் தட்டிக் கழித்தாள்.

அவளும் ஒரு காலத்தில் ஒரு நான்காம் மாடியில் பூட்டப்பட்டிருந்தவள்தான். அதைப் பற்றிக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "கீழ யாரோ ஒரு பொம்பளை நம்ம பாஷையில போன்ல சண்டை போட்டுட்டுப் போனா. வெங்காய விலையைப் பத்தித்தான். எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு. அட, உலகம் இன்னும் இருக்குடான்னு தோணுச்சு."

ஃபிக்ர்தே அதே தெருவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் வேலை செய்தவள். முதல் சில வாரங்கள் அஸ்னகெச்சின் குரல் கேட்டதும் துணிகளுக்குப் பின்னால் மறைந்துவிடுவாள். ஒருநாள் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டே, தாலாட்டுப் போல மெல்லப் பாடினாள்: "கதவு பூட்டியிருக்கு அக்கா... போனு இல்ல அக்கா... எங்கம்மா நான் செத்துட்டேன்னு நினைச்சிருக்கும் அக்கா..."

அஸ்னகெச் நிமிர்ந்து பார்க்கவில்லை. போனை இறுகப் பிடித்தபடி செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். "கேட்டுச்சு கண்ணு. உதறிக்கிட்டே இரு, நிறுத்தாதே. பேர் சொல்லு. யார் வீடுன்னு சொல்லு." மேலிருந்து பேரும் வீட்டுக்காரர் பேரும் பாட்டாகவே வந்தன. தெருமுனை திரும்பியதும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் நிஜமாகவே போன் செய்தாள், ரீமாவுக்கு.

அதே வாரம் ரீமா அரசு வழக்கறிஞரின் உத்தரவோடும் போலீசோடும் போய்க் கதவைத் திறக்க வைத்தாள். ஃபிக்ர்தே ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்கி வந்தாள். கீழே நின்றவளின் முகத்தை அவள் அதற்கு முன் அருகில் பார்த்ததில்லை. "அந்தப் பாட்டைப் பாடுங்க" என்றாள். அஸ்னகெச் நம்பரைப் பாடினாள். அதற்குப் பிறகுதான் ஃபிக்ர்தே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டுக்காரர்கள் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. ஃபிக்ர்தே அஸ்னகெச்சின் அறையில் இருக்கிறாள். வந்த புதிதில் விடியும் முன்பே எழுந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையைத் தேய்ப்பாள். நின்றுகொண்டே சாப்பிடுவாள்.

"அக்கா, நான் பாத்ரூம் போகட்டுமா?"

"என்னை ஏண்டி கேக்குற? பாத்ரூமைக் கேளு. அது வேண்டாம்னு சொன்னா வந்து சொல்லு, சண்டைக்குப் போறேன்."

அன்றுதான் ஃபிக்ர்தே முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்தபின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊருக்குப் போன் போட்டபோது தாய் நம்பவில்லை. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தாள். "என் மகளா இருந்தா நம்ம செவலைப் பசு பேரைச் சொல்லு" என்றாள். "பூரே. ஒரு கொம்பு உடைஞ்சது. நான் கல்லெறிஞ்சு உடைச்சது. தம்பி மேல பழி போட்டேன்." மறுமுனையில் கிளம்பிய ஓலம் அறையை நிறைத்தது. அஸ்னகெச் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, காபிக் கொட்டை கரியாகும் வரை கிளறிக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று இன்றுவரை அவளாகக் கேட்டதில்லை. ஃபிக்ர்தே சொல்லும்போது கேட்கிறாள்.

சாயங்காலம் வேலை முடிந்து மாடியேறி வருகிறாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் அறைக் கதவைத் தானே தட்டுகிறாள்.

எதிர் வீட்டு அர்மீனியக் கிழவி அராக்சி தலையை நீட்டுகிறாள். "என்னடி, சாவியைத் தொலைச்சுட்டியா?"

அஸ்னகெச் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்துக் காட்டுகிறாள். உதட்டில் விரலை வைத்து உஷ் என்கிறாள். உள்ளே ஃபிக்ர்தேயின் காலடிச் சத்தம் கதவருகே வந்து நிற்கிறது.

"யாரது?"

"நான்தான். உள்ள வரலாமா?"

சாவியைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுவிட்டு, பதில் வரும்வரை படிக்கட்டில் நிற்கிறாள்.