அணைக்காமல் விட்ட மைக்

ஊரில் எல்லாருடைய வாய்க்கும் வாடகை வாங்குகிறவன் தன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் மைக் செட் தொழிலின் முதல் பாடம். அந்த ஒன்றை மட்டும் நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பந்தல் போடுகிறவர்களே, வாடகைக்குச் சேர் விடுகிறவர்களே, பாத்திரம் கொடுத்துவிட்டு ஒரு கரண்டி குறைகிறது என்று மண்டபத்து வாசலில் நிற்கிறவர்களே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து டிவிஎஸ்ஸில் அடுத்தவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்புக்கு வந்து, ஏமாந்து, அடிபட்டு, பேரம் பேசி, சண்டை போட்டு, ஒரு ஆம்ப்ளிஃபயரும் நாலு ஸ்பீக்கர் பாக்ஸும் எனக்கென்று ஆயின. கட்சி, யூனியன், அம்மன் திருவிழா, மாதா கோயில் தேர், மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே செட்தான். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டதில் சிலதை எழுதுகிறேன். கொளஞ்சியின் கேட் பாஸ் போன விஷயமும் இதில் உண்டு. அது போனதற்குக் காரணம் நான். அதனால் அதை விட்டுவிட்டு எழுத முடியாது.

ஒரே நாளில் இரண்டு கொடி

தானே புயலுக்கு அடுத்த வருஷம், யூனியன் தேர்தல் சமயம். காலையில் ஒரு யூனியனுக்குக் கேட் மீட்டிங், சாயங்காலம் எதிர் யூனியனுக்குப் பொதுக்கூட்டம். இரண்டுக்கும் நான்தான். காலைக் கூட்டத்துக்காரர் செயலாளர் கோவிந்தசாமி. மைன்ஸில் பர்மனென்ட் ஃபிட்டர், குரல் நல்ல குரல். எதிராளிக்குச் செட் கொடுக்கக் கூடாது என்றார். அப்படியானால் அவர்கள் வாடகையையும் நீங்களே கொடுத்துவிடுங்கள் என்றேன். தொழிலாளி ஒற்றுமை பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். என் ஆம்ப்ளிஃபயரும் தொழிலாளிதான், அதற்கும் ஓவர்டைம் உண்டு என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் பார்த்தால் எதிர் யூனியன் கூட்டத்தில், கடைசி வரிசைக்கும் பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். கூட்டம் முடிந்ததும் மெதுவாக என் பக்கம் வந்தார். துரோகி என்று ஆரம்பிப்பார், நாமும் ஒரு கை பார்க்கலாம் என்று எழுந்தேன். அவர் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்பா மைக்கு, காலையில நம்ம மீட்டிங்குல இந்தப் பொட்டி இவ்ளோ தெளிவா பேசலியே."

அனுமதி மனு

ஒலிபெருக்கி வைக்கப் போலீஸ் அனுமதி வேண்டும். மனு எழுதிக்கொண்டு போனால் எத்தனை பாக்ஸ், எத்தனை மணிவரை, யார் பேசுகிறார்கள், எதைப் பற்றி என்று கேட்பார்கள். ஒரு நாள் வெயிலில் மூன்றாவது முறையாக நடந்ததில் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எழுதுகிற ஏட்டய்யாவிடம் கேட்டேன், பேச்சுரிமை இருக்கிறது, அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, என் மைக்கிலேயே நூறு தடவை சொல்லியாயிற்றே, அப்புறம் எதற்கு இந்த மனு என்று.

அவர் நல்ல மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, முத்திரையைத் தேடி எடுத்து, குத்திக்கொண்டே சொன்னார்: "பேசறதுக்கு யாரையும் கேக்க வேணாம்யா. சத்தமா பேசறதுக்குத்தான் கேக்கணும்."

இரண்டு ஆரஞ்சு மிட்டாய்

கொளஞ்சி எங்கள் தெருக்காரன், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப் போடுகிற வேலை. பதினைந்து வருஷமாகக் கான்ட்ராக்ட். கான்ட்ராக்டர்கள் மாறுவார்கள், கேட் பாஸின் நிறம் மாறும், கொளஞ்சி மட்டும் அப்படியே இருப்பான். லீவு நாளில் எனக்கு வயர் இழுத்துக் கொடுப்பான்.

ஒரு குடியரசு தினத்தன்று டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கில் கொடியேற்றம். ரிட்டயர்டு ஆபீசர் ஒருவர் அரசியல் சட்டத்தின் முகப்புரையைத் தமிழில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். நீதி, சமத்துவம் எல்லாம் தெளிவாக விழுந்தது. அவர் இறங்கி வந்ததும் கொளஞ்சி கையைக் கட்டிக்கொண்டு போய், மக்களாகிய நாம் என்று ஆரம்பித்தீர்களே, அதில் கான்ட்ராக்ட்டும் சேர்த்தியா என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். ஆபீசர் எல்லாரும்தானப்பா என்று சொல்லி, மிட்டாய்த் தட்டிலிருந்து இரண்டு ஆரஞ்சு மிட்டாயை அவன் கையில் வைத்தார். மற்றவர்களுக்கெல்லாம் ஒன்று.

டிவிஎஸ்ஸில் பெட்டியைக் கட்டும்போதும் அவன் அந்த மிட்டாயைப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். "சமம்னா எனக்கும் ஒண்ணுதானண்ணே கொடுத்திருக்கணும்? ரெண்டு கொடுக்கறாருன்னா எங்கியோ இடிக்குது."

பாக்ஸில் வந்த குரல்

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, மைன்ஸ் கேட்டில் கோவிந்தசாமியின் மீட்டிங். இரண்டு மணி ஷிஃப்டுக்கு ஆட்கள் வந்து சேர்கிற நேரம். கொளஞ்சிக்கும் அன்று அதே ஷிஃப்ட்; சீக்கிரம் வந்தவன் எனக்கு வயர் இழுத்துக் கொடுத்தான். செயலாளர் ஒரு மணி நேரம் பேசி முடித்து டீக்கடைக்குப் போனார். நான் பெட்டியை அணைக்கக் கையை நீட்டுகிறேன், எவனோ ஒருவன் புல்லட்டை என் வயர் மேலேயே ஏற்றி நிறுத்துகிறான். வயர் எனக்கு நரம்பு மாதிரி. கையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் சட்டையைப் பிடித்து, அவன் பரம்பரை வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்தபோது என் தலைக்கு மேலே இருந்த பாக்ஸிலிருந்து கொளஞ்சியின் குரல் வந்தது.

மேஜை மேல் மைக் கிடந்தது. பக்கத்தில் அவன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கூட வேலை செய்கிறவனிடம் பேசிக்கொண்டிருக்கிறான். குழம்பு ஊற்றுகிற சத்தம் கூடக் கேட்டது. ஆபீசர்கள் பார்வைக்கு வருகிற அன்று கான்ட்ராக்டர் எல்லாருக்கும் பூட்ஸ் கொடுப்பதையும், அவர்கள் ஜீப் திரும்பியதும் சாக்கில் போட்டு வாங்கிக்கொண்டு போவதையும் கொளஞ்சி சொன்னான். போன தடவை தனக்கு வந்த ஜோடியில் இரண்டுமே இடது கால் என்றான். கான்ட்ராக்டரிடம் அதைச் சொன்னதற்கு, நின்றால் போதும், நடக்காதே என்றாராம். கேட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்துக் கை தட்டினார்கள். கான்ட்ராக்டரும் அங்கேதான் இருந்தார், டீக்கடைப் பெஞ்சில், இரண்டாவது பாக்ஸுக்கு நேர் கீழே.

நான் ஓடி வந்து அணைத்தபோது கைதட்டல் இன்னும் நிற்கவில்லை. கோவிந்தசாமி டீ டம்ளரோடு வந்து நின்றார். "நான் ஒரு மணி நேரம் தொண்ட கிழியக் கத்தினேன், ஒருத்தன் கை தட்டல. இவன் சோறு தின்னுக்கினே பேசினதுக்கு கேட்டே தட்டுது."

திறக்காத டிபன் பாக்ஸ்

மறுநாள் கேட்டில் கான்ட்ராக்டரின் ஆள் கொளஞ்சியின் பாஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். நாளைக்கு வா என்றான். அதற்கு மறுநாளும் அதையே சொன்னான். பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாது, உள்ளே போகாதவனுக்கு வேலை இல்லை. அவ்வளவு சுலபம். எழுத்தில் எதுவும் கிடையாது.

கொளஞ்சி வீட்டுக்குப் போகவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஷிஃப்ட் முடிகிற நேரம் வரைக்கும் டிவி பார்த்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். மூன்றாம் நாள் விஷயம் தெரிந்து அவன் பெண்சாதி செல்வி வந்தாள். ஒரு குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கிற வேலை அவளுக்கு. கை ஈரம் காயவில்லை. திறக்காத டிபன் பாக்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க சண்டைக்குப் போங்கண்ணே, நான் வாணான்னு சொல்லல. பொட்டிய அணைச்சிட்டுப் போறதுதானே?"

பேரம்

முதலில் கோவிந்தசாமியிடம் போனேன். கான்ட்ராக்ட் ஆட்கள் தன் யூனியன் உறுப்பினர்கள் இல்லை என்று வருத்தப்பட்டார். அடுத்த கேட் மீட்டிங்கில் வேண்டுமானால் கண்டித்துப் பேசுவதாகச் சொன்னார். நன்றி என்று வந்துவிட்டேன். பிறகு கான்ட்ராக்டர் வீட்டுக்கே போனேன். போகும் வழியெல்லாம் கோபப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அவர் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, பேச்சுரிமையைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். சட்டம் எழுதினவர்கள் யாரும் டெண்டர் எடுத்துப் பார்த்தவர்கள் இல்லை என்பது அவர் கட்சி.

அப்புறம் விலையைச் சொன்னார். அதே கேட், அதே மைக், அதே ஷிஃப்ட். கொளஞ்சி தான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், எல்லாரும் பார்க்கக் காலில் விழ வேண்டும். மூன்று. எந்தப் பேரத்திலும் மூன்று கேட்கிறவனுக்கு ஒன்றுதான் வேண்டும் என்பது அடிபட்டுக் கற்றது. காலில் விழுந்தால் எவனாவது போனில் படம் எடுத்துப் போட்டுவிடுவான் என்றேன். அது போயிற்று. பொய் என்பதற்குத்தான் அரை மணி நேரம் பிடித்தது. அவன் பொய் என்று சொன்னால், அப்படியானால் பூட்ஸைக் காட்டு என்று எவனாவது கேட்பானே, அன்றைக்கு நூறு பேர் காலையும் குனிந்து பார்ப்பார்களே என்றேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அடுத்த மீட்டிங்குக்கு செட் வாடகையில் பாதியை நானே விட்டுக்கொடுத்து, கோவிந்தசாமியிடம் மைக்கில் ஒரு நிமிஷம் வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

வாசல் வரைக்கும் வந்து முடிவைச் சொன்னார்: "சரி, மன்னிப்பு மட்டும் போதும். ஆனா கடைசி ஆளு வரைக்கும் கேக்கணும்."

கடைசி ஆள் வரைக்கும்

கேட்டது. நாலு பாக்ஸையும் கட்டியிருந்தேன், சத்தத்தையும் நன்றாகத் திருகி வைத்தேன். கான்ட்ராக்டர் வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றார், பாஸ் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது. செல்வியும் வந்து ஓரமாக நின்றாள். என்ன பேச வேண்டும் என்று கொளஞ்சிக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தேன், மன்னிச்சிக்கங்க என்று ஒரே ஒரு வார்த்தை, வாங்கிக்கொண்டு உள்ளே போ என்று. அவன் தலையாட்டினான்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அல்லாருக்கும் வணக்கங்க. அன்னிக்கு மைக்கு ஆன்ல இருக்கறது தெரியாம பேசிட்டன். மொதலாளி மனசு கஷ்டப்பட்டிருக்கும். தெரிஞ்சிருந்தா பேசியிருக்க மாட்டன், அதுக்கு மன்னிச்சிக்கங்க. ரெண்டும் இடது காலுன்றத இனிமே மைக்குல சொல்ல மாட்டன்."

என் கை ஸ்விட்ச்சில்தான் இருந்தது. அணைக்கலாமா என்று நினைத்தேன், அதற்குள் முடித்துவிட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை, ஷிஃப்டுக்கு நின்றவர்கள் எல்லாரும் கான்ட்ராக்டரின் சட்டைப் பையையே பார்த்தார்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் அவருக்கு வேறு வழி இல்லை. பாஸை எடுத்துக் கொடுத்தார், கொளஞ்சி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனான். பூட்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் அவனுக்கு மட்டும் வலது கால் ஒன்று வந்ததாம்.

கேட் காலியான பிறகு கான்ட்ராக்டர் என் பக்கம் வந்தார். கோபமா, குழப்பமா என்று முகத்தில் தெரியவில்லை. "யோவ் மைக்கு, நெஜத்தச் சொல்லு. அவன் மன்னிப்பு கேட்டானா, இல்ல மறுபடியும் சொன்னானா?"

எங்களை மாதிரி ஆட்களுக்கு உரிமையானாலும் மன்னிப்பானாலும் பேரம் பேசித்தான் கிடைக்கிறது. பேசாமல் எனக்குக் கிடைத்தது ஆதார் அட்டை ஒன்றுதான், அதிலும் போட்டோ நான் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.