எஸ்தர் எரியவில்லை

கட்டு மாற்றும் அறை, வார்டுத் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. என் முறை வரும்வரை வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடப்பேன். உள்ளே கத்துகிறவரின் குரலை வைத்தே எவ்வளவு கட்டு பிரித்தாயிற்று என்று நான்காம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

1960களின் கடைசியில், அம்பத்தூரில் எங்கள் வீட்டுப் பம்பு ஸ்டவ் வெடித்துச் சேலையில் தீப்பிடித்தது. கணவர் ஈரக் கோணியைப் போட்டு அணைத்தார். அதற்குள் வலது கை, தோள், விலாவரை வெந்துவிட்டது. தீக்காயத்தோடு கிடப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பெரிய வலி, தீ அணைந்த பிறகுதான் தொடங்கும். ஒட்டிப்போன துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து உரிப்பார்கள். கத்துங்கள். வெட்கப்படாதீர்கள்.

பக்கத்துக் கட்டிலில் எஸ்தர். பத்தொன்பது வயது. புகுந்த வீட்டுக் கொடுமை தாளாமல் தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டவள். அவள் அம்மா ஞானம்மா ஆவடியில் வீட்டுவேலை செய்பவர். மகளுக்கு விசிறுகிற விசிறியை இடையிடையே என் பக்கமும் திருப்புவார்.

ஆறாம் நாள் காலையில் எஸ்தர் இறந்துபோனாள்.

அன்று என்னைப் பார்க்க எங்கள் சபைப் போதகர் வந்தார். ஞானம்மா அவர் காலில் விழுந்தார். "ஐயா, எம் பொண்ண அடக்கம் பண்ண ஒரு ஜெபம் பண்ணுங்கய்யா."

அவர் தயங்கினார். பிறகு, "தேவன் அன்புள்ளவர்தாம்மா. ஆனா நீதியும் உள்ளவரு. தானே உயிர மாய்ச்சுக்கிட்டவங்களுக்கு நித்திய அக்கினிதான். நான் ஜெபம் பண்ணி என்ன ஆகப்போவுது?" என்றார்.

ஞானம்மா எழுந்து என்னிடம் வந்தார். "இன்னாமா சொல்றாரு? எம் பொண்ணு இன்னமும் எரிஞ்சுகினு கீதா?"

எனக்கு எழுந்து உட்காரக்கூட முடியாது. படுத்தபடியே சொன்னேன். "இல்லக்கா. அவ எரியல. இனிமே யாராலயும் அவள எரிக்க முடியாது."

போதகர் என்னை அதட்டினார்.

"ஐயா, நாளைக்குக் காலைல எனக்குக் கட்டு மாத்துறாங்க. உள்ள வந்து நில்லுங்க. முழுசா பாத்துட்டு அப்பறம் நித்தியம்னு சொல்லுங்க. ஆறு நாளா பெத்தவ கண்ணு மூடாம விசிறினா. அதவிடக் கொறஞ்ச அன்பா தேவனுக்கு?"

அவர் வரவில்லை. ஜெபமும் செய்யவில்லை.

லேத் பட்டறையில் வேலைபார்த்த என் கணவர் அரைநாள் லீவு போட்டுக் கல்லறைக்குப் போனார். நாலு பேர் முன் ஜெபம் சொல்லிப் பழக்கமில்லாதவர். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஆண்டவரே, இந்தப் பொண்ணு ரொம்பப் பட்டுடுச்சு, பாத்துக்கோங்கன்னேன். வேற ஒண்ணும் வரல" என்றார்.

பிறகு எனக்குத் தோல் ஒட்டும் சிகிச்சை (தொடையிலிருந்து மெல்லிய தோலெடுத்துப் புண்ணின்மேல் பதிப்பது) நடந்தது. "பிடிச்சுகிச்சும்மா" என்று டாக்டர் சொன்ன அன்று அழுதேன்.

வீடு திரும்பியதும், போதகரை எதிர்த்துப் பேசியதற்குச் சபைக் கமிட்டி மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அதுவரை திருவிருந்து கிடையாது என்றது. நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் அப்பமும் திராட்சை இரசமும் இல்லாமல் முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன். அக்கினியைப் பற்றிப் பிரசங்கம் வரும்போது நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. போதகர்தான் ஜன்னல் பக்கம் பார்ப்பார்.

அவர் மாற்றலாகிப் போனபின் வந்த புதியவர், எதுவும் கேட்காமல் அப்பத்தை நீட்டினார். என் வலது முழங்கை நீளாது. இடது கையை நீட்டி வாங்கினேன்.

ஒட்டிய தோல் வேர்ப்பதில்லை. சித்திரை வெயிலில் என் உடம்பில் பாதி நனையும், பாதி காய்ந்து கிடக்கும். நித்தியம் என்ற சொல்லை நான் அன்போடு மட்டுமே சேர்த்துச் சொல்கிறேன். வேறெதோடும் சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.