பெண்டாட்டியின் ரிப்போர்ட்

சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் முப்பது வருஷமாகக் குடியிருக்கும் தனபாலன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கும் மனைவி சந்திரமதிக்கும் சர்க்கரை நோய் என்று ஒரே வருஷத்தில்தான் தெரியவந்தது. பாலிகிளினிக்குக்கும் ஒன்றாகவே போய்வருவார்கள். அங்கேதான் அவருக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

அவர் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டார். காப்பிக்கடையில் சர்க்கரையும் பாலும் இல்லாத தேநீர், தே ஓ கொசோங்தான். சந்திரமதிக்கோ சிராங்கூன் ரோட்டில் ஓர் இனிப்புக் கடையில் வேலை. உடைந்த மைசூர்பாகு துண்டு கண்ணில் பட்டால் வாயில் போட்டுக்கொள்வாள். ஆனால் மூன்று மாதச் சர்க்கரை அளவு அவருக்கு ஏழு புள்ளி ஒன்பது, அவளுக்கு ஆறு புள்ளி ஆறு.

“அம்மாவைப் பாத்துக் கத்துக்கங்கப்பா” என்று பூன் லேயிலிருந்து மகள் ரோஷினி போனில் சொன்னாள். அன்று அவர் சாப்பிடவே இல்லை.

அதிலிருந்து மனைவியை வேவு பார்க்கத் தொடங்கினார். எதிலாவது மாட்டுவாள் என்ற ஆசை. எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் அவள் இப்போதெல்லாம் இரண்டு தடவை நின்று மூச்சு விட்டாள். சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்திருந்தது. கழிவறையில் நுரை நின்றதற்கு, “சோப்பை இப்படிக் கொட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று அவரைத்தான் திட்டினாள். அந்த வாரம் அவர் கழிவறையைக் கழுவவே இல்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ரிப்போர்ட்டில் ஜெயிப்பவளோடு பேச்சிலும் தோற்க வேண்டுமா?

அடுத்த முறை பாலிகிளினிக்குக்குப் போனபோது டாக்டர் ஹனீன் கணினித் திரையை இரண்டு தரம் பார்த்தார்.

“ஆன்ட்டி, சர்க்கரை நல்லாத்தான் இருக்கு. ஆனா சிறுநீர்ல புரதம் கசியுது. போன வருஷம் வேலைக்கு நேரமாச்சுன்னு அந்த டெஸ்ட் குடுக்காமப் போயிட்டீங்க. அங்கிளுக்கு அந்தக் கசிவே இல்ல.”

தனபாலனுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. இந்த ஒன்றிலாவது தாம் முந்திவிட்டோம்!

“கிட்னி இப்படிக் கசிஞ்சா இதயத்துக்கும் ஆபத்து அதிகம், ஆன்ட்டி. நடந்தா மூச்சு வாங்குதா? கால் வீங்குதா?”

“அதெல்லாம் இல்ல, டாக்டர். நல்லாத்தான் இருக்கேன் லா.”

பொய். தனபாலன் அவள் பக்கம் திரும்பினார். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். சற்று முன் சந்தோஷப்பட்டதை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

“படிக்கட்டுல ரெண்டு தடவை நிக்கிறா, டாக்டர். ரெண்டு மாசமாவே இப்படித்தான். கால்ல காலுறை அச்சு போகவே மாட்டேங்குது. டாய்லெட்ல நுரை நிக்குது. அது சோப்பு இல்ல.”

“இதையெல்லாமா பாத்துக்கிட்டிருந்தீங்க?” சந்திரமதி முறைத்தாள்.

டாக்டர் அன்றே இசிஜி எடுத்து, மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே இதயக் குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு என்று கண்டுபிடித்து ஸ்டென்ட் வைத்தார்கள். கிட்னிக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.

வார்டில் கூட்டம் குறையவில்லை. கடை முதலாளி காதர் மைதீன் ஆப்பிள் கூடையோடு வந்தார். ரோஷினி அம்மாவின் கையை விடவில்லை. தனபாலனுக்கு உட்காரக்கூட இடமில்லை.

“எனக்கு முடியலன்னா இவ்ளோ பேர் வருவாங்களா?” என்று கேட்டேவிட்டார்.

“வாயக் கழுவுங்க” என்று சந்திரமதி காலை மடக்கி, கட்டில் ஓரத்தில் அவருக்கு இடம் விட்டாள்.

நாலு மாதத்தில் புரதக் கசிவு குறைந்திருந்தது. முழுதாகப் போகவில்லை, போகுமா என்றும் டாக்டர் சொல்லவில்லை. சந்திரமதி அரை நாள் வேலைக்குப் போகிறாள். வீட்டுக் குழம்பில் உப்பு பேருக்குத்தான். “வியாதி அவளுக்கு, பத்தியம் எனக்குமா?” என்று தனபாலன் லிப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புகிறார். காலையில் இருவரும் நடக்கப் போனால் அவள் நிற்காமல் முன்னால் போய்விடுகிறாள். அதிலும் அவருக்குக் கொஞ்சம் பொறாமைதான்.