ஜூமியாக் ஆற்றில் ஒரு பவுன்

2012 ஜூன், சனிக்கிழமை, காலை 5.20. எங்கள் புறநகர் சார்செல்லில் ஆர்.ஈ.ஆர். ரயில் ஏறியபோது என் பெனியனுக்குள் இங்கிலாந்து ராசாவின் தலை பொறித்த ஒரு பவுன் காசு இருந்தது. மஞ்சள் துணியில் முடிந்து ஊக்கு குத்தியிருந்தேன். திங்கட்கிழமை மகளின் பொன்னுருக்கு. தாலிக்கு உருக்க வேண்டிய அந்தப் பவுனை மனைவி ஒரு கிழமையாகச் சாமிப்படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டிருந்தாள். அதற்கு ஈடாக இன்னொன்று வாங்கினால் ஒத்துக்கொள்ளமாட்டாள். எங்கள் கட்டடத்தில் இரண்டு தமிழ் வீடுகளைக் கள்ளர் உடைத்துவிட்டார்கள். ஆகவே, "என்ரை நெஞ்சைவிடப் பத்திரமான பெட்டி பிரான்சிலை இல்லை" என்று அவளிடம் அளந்துவிட்டுப் புறப்பட்டேன்.

இந்த நேரத்தில் பயணம் தேவையா? மூன்று மாதத்துக்கு முன்பே கழிவு விலையில் எடுத்த ரயில் சீட்டு, திருப்பித் தரமாட்டார்கள். அதை வீணாக்கும் துணிச்சல் எனக்கும் இல்லை, மச்சான் செல்வத்துக்கும் இல்லை. மச்சான் என் மனைவியின் தமையன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் சமையற்காரர். நான் அதே தெருவில் நகைக்கடையில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். தங்கம் மண்ணிலிருந்து வருவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஒஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் இருந்து லிமோஜ் நானூறு கிலோமீற்றர். அங்கிருந்து சென்-திரியேக்குச் சின்ன ரயில். பிறகு பதினான்கு கிலோமீற்றர் டாக்ஸி, முப்பத்தைந்து யூரோ. பகல் பன்னிரண்டுக்கு ஜூமியாக். கூரான கூரைகளோடு ஒரு கோட்டை, கீழே ஈல் ஆறு. இந்த வட்டாரத்தில் ரோமர் வருவதற்கு முன்பே தங்கம் தோண்டியிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் மறுபடி சுரங்கம், கூலியாட்கள், கூட்டம். இப்போது சதுக்கத்தில் ஒரு பேக்கரியும் ஒரு பூனையும்.

1.30. தலைக்குப் பன்னிரண்டு யூரோ கொடுத்து ஆற்றில் இறங்கினோம். தங்கம் அரிக்கக் கற்றுத்தருபவர் மடாம் சில்வி, அறுபது வயது, முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. தட்டில் சரளையை அள்ளி, தண்ணீரில் சுழற்றி, லேசானதைப் போகவிட வேண்டும்.

"அரிசி அரிக்கிறதுதானே. இதுக்கோ நானூறு கிலோமீற்றர்?" என்றார் மச்சான்.

ஒரு மணிநேரத்தில் அவருக்கு ஒரு பொட்டுத் தங்கம் கிடைத்தது. எறும்பின் கண் அளவு. நான் அதைக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, பழக்கதோஷத்தில் நெஞ்சைத் தொட்டேன். ஊக்கு வாயைத் திறந்து நின்றது. துணி இல்லை.

அடுத்த ஐந்து நிமிடம் நான் செய்தவற்றை என் கடை முதலாளி பார்த்திருக்கக் கூடாது. சட்டையைக் கழற்றினேன். சப்பாத்தைக் கவிழ்த்தேன். மச்சானின் சட்டைப்பையைச் சோதித்தேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டு, தெரியாத கத்தோலிக்கப் புனிதர்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டேன்.

"அண்ணை, இனி வீட்டை போகேலாது. இஞ்சையே ஒரு அறை எடுப்பம்," என்றார் மச்சான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நக்கலுக்கு மட்டும் என்னை அண்ணை என்பார்.

விஷயத்தைக் கேட்ட மடாம் சில்வி சிரிக்கவில்லை. "அழாதீர்கள், ஆற்றைக் கலக்காதீர்கள். தங்கம் கனமானது, மிதந்து ஓடாது. விழுந்த இடத்திலேயே சரளைக்குள் இறங்கும். எங்கே நின்றீர்கள்?"

நான் நின்ற ஐந்து இடங்களையும் காட்டினேன். ஒவ்வொன்றையும் சுற்றிக் கல் அடுக்கி வட்டம் போட்டார். பிறகு மூவரும் மண்வாரியால் அள்ளி, தட்டில் அரிக்கத் தொடங்கினோம். எங்களோடு அரிக்க வந்த மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். நான்கு மணி. விரல் மரத்தது. 5.30க்கு டாக்ஸி, அதை விட்டால் ரயிலும் இல்லை.

"கிடைக்காட்டில்?" என்றார் மச்சான், இம்முறை மெதுவாக.

"நீங்கள் போங்கோ. நான் ஆத்தோடை இருக்கிறன்."

அவர் போகவில்லை. முறுமுறுத்துக்கொண்டே அடுத்த தட்டை அள்ளினார். நான்காவது வட்டத்தில், 5.10க்கு, மடாம் சில்வியின் தட்டில் சகதி நிறத்தில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால், தலைநிமிர்ந்து அந்த இங்கிலாந்து ராசா.

மடாம் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "முப்பது வருடமாக இந்த ஆற்றில் அரிக்கிறேன். முகம் வைத்த தங்கம் கிடைப்பது இதுதான் முதல் தடவை."

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். நான் சட்டையில்லாமல் நிற்பதை மச்சான் நினைவுபடுத்தினார்.

டாக்ஸி மேட்டில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். எங்கெங்கிருந்தோ தங்கத்துக்காக இங்கே வந்தவர்கள், அது தீர்ந்ததும் போய்விட்டார்கள். எங்கெங்கிருந்தோ லா சப்பலுக்கு வந்த நாங்கள், வந்த பிறகுதான் கண்ணாடிப் பெட்டிகளில் தங்கத்தை நிரப்பினோம். அந்தத் தெருவில் பூனைக்குப் படுக்க இடமில்லை.

அப்போது மனைவி ஃபோனில் அழைத்தாள். "என்னப்பா, தங்கம் ஏதும் கிடைச்சதோ?"

வாயை மூடியிருக்கலாம். "ஓம், ஒண்டு கிடைச்சது. நல்ல பெரிசு. எட்டுக் கிராம்."

மச்சான் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"எட்டோ?" என்றாள். "சரியா எட்டோ?"

திங்கட்கிழமை வரை பவுன் அவளிடம்தான் இருக்கும் என்று, லிமோஜ் வந்துசேர முன்பே, அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.