படுத்தால் போய்விடும் தலைவலி

என் மருமகளுக்கு வந்த நிஜமான தலைவலியை நடிப்பு என்று இதே இடத்தில் எழுதி, உங்களையெல்லாம் சிரிக்க வைத்தேன்.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தலைப்புகூட இதேதான். பேத்தி பிறந்த சமயம். இரண்டாவது பிரசவம், சிசேரியன். சம்பந்தியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதால் மருமகள் பாலக்கோட்டில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரே புகார் – உட்கார்ந்தால் தலை பிளக்கிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது.

வேலை என்றால் வலி, ஓய்வு என்றால் குணம்... பத்தி எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எதிரில் அவள் படுத்தே கிடந்தது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. “பெரியவங்க வந்திருக்காங்க, எந்திரிச்சு உக்காரும்மா” என்றேன். உட்கார்ந்தாள். கண்ணை மூடி, சுவரைப் பிடித்துக்கொண்டு. சற்று நேரத்தில் வாந்தி எடுத்தாள். அதையும் விடவில்லை நான். நடிப்பில் அடுத்த கட்டம் என்று எழுதினேன்.

நிறையப் பேர் போன் செய்து பாராட்டினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நான் எழுதியதைத்தானே படித்தீர்கள்?

இப்போது நான் படுத்திருக்கிறேன்.

முதுகில் டிஸ்க் ஆபரேஷன். சேலத்தில் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு நாள் காலையில் பேண்டேஜ் நனைந்து, படுக்கை விரிப்பிலும் ஈரம். வேர்வை என்று சாதித்தேன். “வேர்வைன்னா முதுகுல ஒரே எடத்துலயாங்க வேர்க்கும்?” என்றாள் என் மனைவி. மூத்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஊருக்கெல்லாம் எழுதுகிற நான், கட்டியவள் சொன்னதைக் கேட்கவில்லை. காபி குடிக்க எழுந்து உட்கார்ந்தேன்...

தலைக்குள் யாரோ கயிறு கட்டிக் கழுத்துப் பக்கம் இழுக்கிற மாதிரி. டம்ளரைக் கீழே வைக்க முடியவில்லை. அப்படியே சாய்ந்தேன். வலி போய்விட்டது. மறுபடி எழுந்தேன். வந்துவிட்டது.

படுத்தால் போய்விடும் தலைவலி!

கார் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். தொப்பூர் வளைவுகளில் எனக்குத் தெரிந்ததெல்லாம் லாரிகளின் தார்ப்பாயும் கொஞ்சம் வானமும்தான். டாக்டர் விளக்கினார். தண்டுவடத்தைச் சுற்றி ஒரு சவ்வு, அதற்குள் தண்ணீர் மாதிரி ஒரு திரவம். மூளை அதில் மிதக்கிறதாம். சவ்வில் சின்னக் கிழிசல் இருந்தாலும் திரவம் கசியும். நிமிர்ந்தால் மூளை தாழ்ந்து இழுபடும். படுத்தால் விட்டுவிடும். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். தண்ணீர் கீழே இறங்கும் என்பதை எனக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் அந்த நல்ல மனிதர். என்னைத் தைரியப்படுத்துவதாக நினைத்து, சிசேரியனுக்கு முதுகில் போடுகிற ஊசியாலும் சில பெண்களுக்கு இதே தலைவலி வருவதுண்டு, பயப்படாதீங்க என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி தையல் போட்டு, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தலையணை கூடாது. தட்டையாகப் படுக்க வேண்டும். முக்கக் கூடாது, குனியக் கூடாது. மறுபடி ஈரமானாலோ, காய்ச்சலோ கழுத்துப் பிடிப்போ வந்தாலோ உடனே ஓடி வர வேண்டும்.

சும்மா படுத்திருப்பது சுகம் என்று நினைக்கிறீர்களா? ஃபேனில் ஒரே ஒரு இறக்கையில் மட்டும் ஒட்டடை. துடைக்கச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படித்தால் மூக்கில் விழுகிறது. சாம்பாரை ஸ்ட்ராவில் உறிஞ்ச முடியுமா? முயன்று பார்த்தேன். கடுகு அடைத்துக்கொள்கிறது. தெருவில் ஆட்டோ நின்றால் யாரென்று தெரியாது. வாசலில் பேச்சுக்குரல் கேட்டால் கை தானாக ஊன்றுகிறது... எழுந்திரு, உட்கார், வந்தவர்களுக்கு முகம் காட்டு என்று உடம்பு முழுக்க ஒரு பரபரப்பு.

போன வாரம் அப்படித்தான். தக்காளி மண்டி வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். எழப் பார்த்தேன். வலி மண்டையில் இறங்கியது. படுத்தபடி விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஏண்ணா, படுத்தா போயிடுற தலவலி உங்க வூட்டுக்கே வந்துருச்சா? மண்டியில கூலியாளு எவனாச்சும் மேலுக்கு முடியலைன்னு லீவு கேட்டா, இன்னமும் நாங்க அதத்தான் சொல்றது. நீங்க எழுதுனதுதானுங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பத்தியை நான் எழுதி முடித்ததாக நினைத்திருந்தேன். அது பாட்டுக்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவனைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறது. இனிமேல் சொல்லாதேடா என்றேன். பழகிப்போச்சுண்ணா என்றான்.

அவன் போனதும் ஓசூருக்குப் போன் செய்தேன். மகனுக்கு அல்ல, மருமகளுக்கு.

“அன்னைக்கு உனக்கு வந்த வலி நிஜம்தாம்மா” என்றேன்.

“தெரியுங்க மாமா. எனக்குத்தானே வலிச்சுது” என்றாள்.

பத்தியிலேயே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். பெருந்தன்மை! அவள் குரல் மாறவில்லை. “அப்பவும் என்னைக் கேக்காமத்தான் எழுதுனீங்க.”

அது எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. எழுதலாமா என்று கேட்டேன். முதலில் தனக்கு அனுப்பச் சொன்னாள். படுத்தபடி செல்போனிடம் வாயால் சொல்லிச் சொல்லியே டைப் செய்து வாட்ஸப்பில் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். வந்த சிறிது நேரத்தில் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். என் கை ஊன்றியது. மருமகள் தோளில் கை வைத்து அழுத்திப் படுக்க வைத்தாள். “மாமா எந்திரிக்கக் கூடாதுங்க. நீங்க கிட்ட வந்து உக்காருங்க” என்று அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தை அன்று நான் சொல்லியிருந்தால் போதும்.

அவர் போன பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு அவள் என் கட்டுரையை நறுக்க ஆரம்பித்தாள். நான் அனுப்பியதில் முதலில் தொப்பூர், பிறகு டாக்டர், பிறகு மூளை. என் தப்பு கடைசிப் பாராவில், கண்ணீரோடு இருந்தது. கண்ணீரை எடுத்தாள். ‘மகளுக்கு மகளாக’ என்பதை எடுத்தாள். தன் பெயரை எடுத்தாள். கடைசிப் பாராவில் மிஞ்சிய ஒரே வரியைத் தூக்கி மேலே முதல் வரியாக வைத்தாள். நீங்கள் படித்தது அதைத்தான்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: “மன்னிச்சிட்டேன்னு மட்டும் போட்டுடாதீங்க மாமா. நான் இன்னும் சொல்லல.”

போடவில்லை.